வாலடி வெள்ளை

ஐந்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் கடந்து, திருச்சித் தெப்பக்குளத்தருகே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். வரன் பார்க்க அனுப்பும் படங்களே அங்கு அதிகம். படம் விழும் கண்ணாடித் தட்டில் வெளுப்பெல்லாம் கறுப்பாகத் தெரியும். பெண்ணின் முகத்தில் தேமல் இருந்தால் அந்தக் கறுப்பைச் சிறு கத்தியால் சுரண்டிவிடுவேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் வழக்கம்.

புத்தூரில் குடியிருந்த காலேஜ் வாத்தியார் ஒருவருக்குக் கடற்பறவைப் பித்து. விடுமுறைகளில் நாகப்பட்டினம் போய், மீன்பிடிப் படகில் கரை மறையும் தூரம் செல்வார். அலையை ஒட்டிப் பறக்கும் ஒரு கறுப்புப் பறவை. குருவியைவிடச் சற்றே பெரிது. அதைப் படமெடுக்க மூன்று வருஷம் அலைந்தார். படகு ஆடும், பறவை நிற்காது. கடைசியில் ஒரே ஒரு தட்டு தெளிவாக விழுந்தது.

கழுவிப் பார்த்தேன். தட்டில் பறவையின் வாலடியில் ஒரு கறுப்புக் கறை. கை தானாகச் சுரண்டிவிட்டது.

மறுநாள் வாத்தியார் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

“வாலடியில வெள்ளை இல்லையே! படகுல இருந்த மாதிரி தெரிஞ்சுதே, கண்ணு ஏமாத்திடுச்சு போல. அப்ப இது வேற ஜாதிங்க. இந்தப் பக்கம் யாருமே பார்த்ததில்லை. இன்னைக்கே பம்பாய்ல இருக்கற பறவைச் சங்கத்துக்கு எழுதிடறேன்.”

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்களிடம் நான் வாய் திறப்பதும் இல்லை. அவர் வாசற்படி இறங்கும்போதுதான் குரல் வந்தது.

“சார், வெள்ளை இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்.”

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “ஏன்டா, குருவிக்கா மாப்பிள்ளை தேடறாங்க?”

வாத்தியார் சிரிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். “எவ்வளவு இருந்துச்சு? வரைஞ்சு காட்டுங்க.”

படம் வைத்திருந்த உறையின் பின்புறம் வரைந்தேன். கத்தி போன தடம் கைக்கு நினைவிருந்தது. வாலடியைச் சுற்றி இரு விலாவுக்கும் இறங்கிய வெள்ளை.

“நான் முதல்ல நினைச்ச பறவைதான். எனக்கு இது போதுங்க. ஆனா மத்தவங்களுக்கு எதைக் காட்டறது?”

அடுத்த வருஷம் மறுபடி கடலுக்குப் போய், வெயிலில் கறுத்து வந்தார். தட்டுப் பெட்டியை வாங்க முதலாளி கை நீட்டினார்.

“அவர்கிட்டயே குடுக்கறேன்” என்று என்னிடம் நீட்டினார் வாத்தியார்.

கத்தியை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு இருட்டறைக்குள் போனேன். சிவப்பு விளக்கொளியில் பறவை மெல்ல எழுந்தது. வாலடியில் அந்தக் கறுப்பும் எழுந்தது.