சூடு தெரியாத கால்

1976 ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஆறரை மணிக்கு எஸ்டேட் டிஸ்பென்சரியைத் திறந்தேன். ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். கட்டுத்துணியை வெட்டி அடுக்கினேன். ஸ்பிரிட் விளக்கைத் துடைத்து வைத்தேன். செவ்வாய் என்றால் சர்க்கரை வியாதிக்காரர்கள் வரும் நாள். அன்று மாரியம்மன் கோயிலில் தணலில் நடக்கும் பூக்குழித் திருவிழா என்பதால் ஒருவர் மட்டுமே வந்தார்.

போடிமெட்டுப் பக்கத்துக் கேரளத் தேயிலைத் தோட்டங்களில் பல வருடங்களாக நான் கம்பவுண்டர். சர்க்கரை வியாதிக்காரர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மலையாளத்தில் அச்சிட்ட படம் ஒன்று சுவரில் தொங்கியது. ஷூ போட்ட ஒருவர் மேசை முன் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிடுவார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் யார் வீட்டிலும் மேசை கிடையாது, அந்த எழுத்தும் புரியாது. ஆகவே அதில் இருப்பதை நானே வாயால் சொல்வேன். ஒரே பேச்சை வாராவாரம் சொல்லி அலுத்து, நடுவில் என் குரலே என் காதில் விழாமல் போய்விடும்.

வந்தவர் கொழுந்து பறிக்கும் பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் மஞ்சள் காப்பு. அவருடைய சிறுநீரை மருந்துநீரில் கலந்து விளக்கில் காட்டினேன். நீலம் செங்கல் நிறமானது; சர்க்கரை மிக அதிகம். பிறகு, வாரம் ஒருமுறை வரும் டாக்டர் சொல்லித் தந்தபடி, அவரைச் சுவர்ப்பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் குண்டூசியால் மெல்லத் தொட்டேன்.

"எப்பத் தொடுவீக?" என்றார்.

நான் பலமுறை தொட்டிருந்தேன்.

"தொட்டாச்சும்மா. காலுல உணர்ச்சி இல்ல. இன்னிக்குக் குழியில இறங்காதீங்க."

அவர் சிரித்தார். "அட போங்க சார். போன வருசமும் இறங்குனேன். எல்லாரும் குதிச்சு ஓடுனாக, நான் நடந்து வந்தேன். ஆத்தா எனக்குச் சூடே காட்டல. லயமே பேசுச்சு."

போன வருடத் திருவிழாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டவன் நான். முள் குத்தியதாகத்தான் அவர் சொல்லியிருந்தார். இன்னொரு புண் வந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்பது டாக்டரின் எச்சரிக்கை.

"அது அருள் இல்லம்மா, சீக்கு."

சிரிப்பு நின்றது. "ஆத்தா தந்ததையா சீக்குன்னு சொல்லுதீக? மக பிரசவத்துக்கு மூணு வருசம் இறங்குறதா நேந்தது. இது கடைசி வருசம். நீங்க மாத்திரையைக் குடுங்க."

வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் பூசாரியைப் பார்க்கப் போனேன். மற்ற நாட்களில் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுபவர் அவர். அன்று குழியருகே கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், நீங்களும் இறங்குதீகளா? காப்புக் கட்டாம விட மாட்டேனே" என்று கேலி செய்தார். அருளா சீக்கா என்று அவரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. அந்தப் பெண்ணின் கால் புண்ணான கதையை மட்டும் சொன்னேன். அவர் கட்டையைக் கீழே வைத்தார்.

"வேணாம்னு சொன்னா வம்புக்குன்னே இறங்கும் அந்த மதினி. பாப்போம்."

சாயங்காலம் குழி தணலாகியிருந்தது. அந்தப் பெண் ஈரச் சேலையோடு வரிசையில் நின்றார், பின்னால் அவர் மகள். முறை வந்தபோது பூசாரி வேப்பிலைக் கொத்தைக் குறுக்கே நீட்டினார்.

"மதினி, யாருக்காக நேந்தது?"

"மகளுக்கு."

"பெத்துப் பிழைச்சவ அவதான? அவளும் காப்புக் கட்டித்தான நிக்கா. கடைசி வருசத்தை அவ முடிக்கட்டும்."

"கம்பவுண்டர் ஓதிவிட்டாரோ?" என்று அவர் என்னை முறைத்தார்.

"ஆத்தாவுக்கு வேண்டியது நேர்ச்சைதான் மதினி. உன் காலு இல்ல."

மகள் இறங்கினாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் "ஆத்தாடி, சுடுதே!" என்று அலறி, ஓட்டமாக ஓடி அக்கரை சேர்ந்தாள். கூட்டம் சிரித்தது. தாய் சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் மகளின் தோளைப் பிடித்தார்.

"நெசமாவே சுட்டுச்சாடி?"

"தீ சுடாம குளிருமாக்கும்?"

தாய் நின்ற இடத்திலேயே குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதுகு வலித்தது. அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் போகும்போது இருவரும் டிஸ்பென்சரி வாசலில் நின்றார்கள். ஊசி கொதிக்க வைக்கும் அடுப்பை அப்புறம் மூட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முதல் வேலையாகத் தாயின் காலைப் பெஞ்சில் தூக்கி வைக்கச் சொன்னேன். விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று தினமும் எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்பதை மகளுக்குக் காட்டினேன்.