அமாவாசையில் மலை ஏறியவள்

எங்கள் வீட்டில் யார் எந்தத் தேதியில் பிறந்திருந்தாலும் பிறந்தநாள் வருவது என்னவோ அமாவாசையில்தான். ஆரணியில் தறி நெய்கிறவர்களுக்கு அன்றுதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஊரே ஓய்ந்து கிடக்கும்போது எங்கள் தெருவில் தறி ஓடும். பெண் பார்க்கப் போவதிலிருந்து பல் பிடுங்கிக்கொள்வது வரை எல்லாவற்றையும் அமாவாசைக்குத் தள்ளிப்போடுவோம். பிறந்தநாள் பாயசமும் அப்படித்தான், கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து அன்றைக்கு வந்து சேர்ந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் என் மனைவி பாயசம் வேண்டாம் என்றாள். பிறந்தநாளுக்குப் பர்வதமலைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது கணுக்கால் முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விந்தி விந்தித்தான் நடந்தாள். வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் என் தம்பி, இன்னொன்றில் அவள். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தினால்தான் சேலை வளரும். அதனால் அவள் படுத்த நாளிலிருந்து அவள் தறியில் தம்பி மனைவி உட்கார்ந்தாள். கட்டுப் பிரித்ததும் இடம் திரும்பக் கிடைக்கும் என்று இவள் நினைத்திருந்தாள். என் அம்மா விடவில்லை.

"கால் போனவளுக்குத் தறி எதுக்கு? அடுப்படியைப் பாத்துகினு இருக்கட்டும்."

எங்கள் வீட்டில் அம்மா சொன்னால் சொன்னதுதான். நான் குடும்பத் தலைவன் என்பதெல்லாம் ரேஷன் கார்டோடு சரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவள் தனக்கென்று வைத்திருந்தது அந்தத் தறி ஒன்றுதான். அதில் உட்கார்ந்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அடுப்படிக்கு அனுப்பப்பட்ட நாட்களில் அவள் முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவள் நேராகப் போய் அம்மாவிடமே கேட்டாள்.

"அத்தே, பர்வதமலை ஏறிட்டு வந்தேன்னா என் காலு நல்லாதான் இருக்குதுன்னு ஒத்துக்குவீங்களா?"

அம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "உச்சிக்குப் போய் சாமியைப் பாத்துட்டு வா, தறி உனுக்கு. பாதியில திரும்புனியானா அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அப்படித்தான் அந்தப் பிறந்தநாள் முடிவானது. நான் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "நான் இருக்கேன், பத்திரமா கூட்டினு போய் கூட்டினு வரேன்" என்று சவடால் விட்டேன். தேவிகாபுரத்து மலைக்கோயிலுக்குப் பலதடவை போய்வந்தவன் நான். அங்கே ஒழுங்காகப் படி கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. உயரம் என்றால் எனக்குப் பயம். அதுவும் யாருக்கும் தெரியாது.

விடிந்ததும் கேசரி கிண்டி டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். போளூரில் பஸ் மாறினோம். கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆரணி தறிக்காரங்களா?"

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பௌர்ணமிக்குத்தான் மலைக்குக் கூட்டம் வரும். நிலா வெளிச்சம், தண்ணி, கடை எல்லாம் அன்னிக்குத்தான். அமாவாசையில வந்து எறங்குறவங்க உங்க ஊருக்காரங்கதான்."

எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. எங்களுக்கு நாள் என்றால் தறி நிற்கிற நாள். மலைக்கும் ஒரு நாள் கணக்கு இருக்கும் என்று யோசித்தே பார்க்கவில்லை. அடிவாரத்தில் இறங்கியபோது கீற்றுக் கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. கண்ணுக்கெட்டிய வரை ஆளே இல்லை. குரங்குகள் மட்டும் எங்கள் டப்பாவைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"பேஜாராப் போச்சே, திரும்பிடலாமா?" என்றேன்.

"தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

படிகள் இருக்கிற வரை நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். படிகள் முடிந்து காட்டுக்குள் கரடுமுரடான பாறைகள் ஆரம்பித்ததும் என் பேச்சு நின்றுவிட்டது. அவள் ஏறுவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். என்னைப் போல் தாவி ஏறி மூச்சு வாங்கி நிற்கவில்லை. ஒரு காலைப் பாறையில் வைத்து, முழுசாக அழுத்தி, அது நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மறுகாலைத் தூக்கினாள். மிதியை அழுத்துகிற அதே அழுத்தம்தான். வேகமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. வலது காலை ஊன்றும்போதெல்லாம் அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. இப்படி ஒருத்தியோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இவளைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று இருந்தது. தாங்காமல் கையை நீட்டினேன்.

"கையை எடுங்க. அப்புறம் உங்கம்மாகிட்ட நான்தான் தூக்கினு போனேன்னு சொல்லிடுவீங்க" என்றாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே கடப்பாறை நெட்டு என்று ஓர் இடம். செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அடித்து, பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருந்தார்கள். கடப்பாறைமேல் காலை வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சங்கிலியை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டு ஏற ஆரம்பித்தாள். பின்னாலேயே நானும் ஏறினேன்.

பாதியில் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. காலுக்குக் கீழே காடு எங்கேயோ கிடந்தது. கை சங்கிலியோடு ஒட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

மேலிருந்து அவள் குரல் வந்தது. "கோயில் தெரியுதுங்க! தோ இருக்குது, கிட்டதான்! ஜல்தி வாங்க!"

நான் சங்கிலியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பௌர்ணமியாக இருந்திருந்தால் எனக்கு மேலேயும் கீழேயும் நாலு பேர் இருந்திருப்பார்கள், யாராவது கை கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு அந்த மலையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒருதரம் திரும்பிக் கோயில் பக்கம் பார்த்தாள். பிறகு பாறைப் பக்கம் திரும்பி, அந்தக் கெட்ட காலை முதலில் கீழே விட்டாள்.

என்னை ஒட்டி, பாறையோடு பாறையாக உரசிக்கொண்டு கீழே இறங்கினாள். எனக்குக் கீழே போய் நின்றுகொண்டு, என் பாதத்தைப் பிடித்து அடுத்த கடப்பாறையில் வைத்தாள்.

"மிதிங்க. நல்லா அழுத்துங்க. ஆங். இப்ப அந்தக் காலு. மிதிங்க."

தறியில் புதிதாக உட்கார்கிற பெண்களுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னாள். ஒரு கையில் சங்கிலி, இன்னொரு கையில் என் கால். அவள் உடம்பின் பாரம் முழுக்க அந்த முறிந்து கூடிய கணுக்காலில் நின்றது. தரையைத் தொட்டதும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேசரி டப்பாவைத் திறந்து என் வாயில் ஒரு வாய் ஊட்டினாள். பிறந்தநாள் அவளுக்கு.

"நீ போய்ட்டு வா. நான் இங்கியே குந்தினு இருக்கேன்" என்றேன். அவள் எழுந்து பார்த்தாள். இறங்கியதில் கணுக்கால் வீங்கிப் பன் மாதிரி உப்பியிருந்தது. ஓர் அடி வைத்தாள், பாறையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், வாங்க வூட்டுக்குப் போலாம்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "கால் வலி தாங்கல, திரும்பிட்டோம்னு நானே சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் வாயைத் தொறக்காதீங்க. தெரிஞ்சா தெருவே உங்களைக் கிண்டல் பண்ணும்."

"அப்போ தறி?"

"தறி எங்க போவுது, வூட்லதானே இருக்குது."

வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா, தம்பி, தம்பி மனைவி எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அம்மா அவள் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"உச்சிக்குப் போனியா?"

"இல்ல அத்தே. கால் வலிச்சிச்சி. பாதியில திரும்பிட்டேன்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவ்வளவுதான், இனிமேல் பேச்சில்லை என்கிற மாதிரி அம்மா முறத்தைக் கையில் எடுத்தாள். தெரு என்ன, ஊரே சிரிக்கட்டும் என்று தோன்றியது.

"பொய் சொல்றாம்மா. அவ நெட்டு ஏறி மேல போயிட்டா. கோயில் எதிருலயே தெரிஞ்சிச்சி. நான்தான் நடுவுல பயந்துபோய் ஆட்டம் கண்டு நின்னுட்டேன். எனுக்காகத்தான் திரும்பி எறங்குனா. என் காலைப் புடிச்சி ஒவ்வொண்ணா வெச்சி எறக்கிவிட்டா."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. "அந்தக் கடப்பாறை நெட்டுலயா எறங்குனா? இந்தக் காலை வெச்சிகினா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமாம்மா."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தம்பி மனைவியைப் பார்த்துச் சொன்னாள். "வீக்கம் வடியுற வரைக்கும் நீ நெய்யி. வடிஞ்சதும் அவளுக்கு எடத்தை வுட்டுடு."

அடுப்படியில் உட்கார்ந்திருந்த அவளுக்கு வெந்நீர் வைத்துக் காலில் ஒத்தடம் கொடுக்கப் போனேன். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைத் தூக்கி என்மேல் எறிந்தாள்.

"யாரு உங்களைச் சொல்லச் சொன்னது? உங்க தம்பி எதிர்ல உங்களுக்கு இது தேவையா?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தறி பறிபோனபோது அழாதவள், அன்றைக்கு என்னைப் பார்த்துத் தம்பி சிரித்ததற்காக அழுதாள்.