எதிரே நின்ற இடக்கை

ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வாக்கில் நான் புதுக்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் பொன்னமராவதிக்குப் பக்கம், விவசாயக் குடும்பம். அழுது அடம்பிடித்து வாங்கிய படிப்பு அது. "ஒரு பாடத்துல கோட்டை விட்டாலும் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துரணும். மாமன் வீட்டுல கல்யாணத்துக்கு எத்தனை நாளைக்குக் காத்துக்கிட்டு இருப்பாக?" என்று சொல்லித்தான் அப்பா பஸ் ஏற்றிவிட்டார்.

பாடங்களில் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் உடற்பயிற்சித் தேர்வில்தான். அதில் பூப்பந்து என்கிற பால் பேட்மிண்டன் உண்டு. மஞ்சள் கம்பளிப் பந்தை இடக்கையிலிருந்து விட்டு, வலக்கை மட்டையால் கீழிருந்து தட்டி வலையைத் தாண்ட வைக்க வேண்டும். ஐந்தில் மூன்று முறையாவது தாண்டினால்தான் தேர்ச்சி. எனக்கு ஒன்றுகூடத் தாண்டவில்லை. மட்டை வீராவேசமாக மேலே போகும்; பந்து சாவகாசமாக என் காலடியில் கிடக்கும்.

சொல்லித்தர ஆள் இல்லாமல் இல்லை. டிரில் டீச்சர் பக்கத்தில் நின்று "ஒன், டூ" என்று எண்ணுவார். எண்ணிக்கையைக் கவனித்தால் கையை மறந்துவிடுவேன். அறைத்தோழி பின்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடித்து அடிக்க வைத்தாள். அவள் பிடித்திருக்கும் வரை பந்து போகும், விட்டதும் பழைய கதைதான். இன்னொருத்தி எதிரே நின்று காட்டினாள். அவள் வலக்கை எனக்கு இடப்பக்கம் தெரியும். எந்தக் கை எந்தப் பக்கம் என்று யோசித்து முடிப்பதற்குள் பந்து தரைக்கு வந்துவிடும்.

எங்கள் வகுப்பில் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு எல்லாமே இடக்கைதான். விடுதியில் முறை வைத்துப் பரிமாறுவோம். சேர்ந்த புதிதில் ஒருநாள் இடக்கையால் எனக்கு ரசம் ஊற்ற வந்தாள். நான் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "நொட்டாங்கையிலயா சோறு போடுவாக? ஒனக்குச் சோத்தாங்கை இல்லையா?" என்று பந்திக்கே கேட்கும்படி கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கரண்டியை வலக்கைக்கு மாற்றினாள். பாதி ரசம் தரையில் போயிற்று. அதன் பிறகு என் வரிசைக்கு அவள் பரிமாற வந்ததே இல்லை.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் வலைக்கு அந்தப் பக்கம் அவள் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சும்மா அவளைப் பார்த்தபடி என் பந்தை விட்டு மட்டையை அசைத்தேன். பந்து வலையைத் தாண்டிப் போய்விட்டது! கண்ணாடி பார்த்துத் தலை சீவுவதுபோல, அவள் கை போன பக்கமே என் கையும் போயிருந்தது. யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

எனக்கு ஏற்ற வாத்தியார் யாரென்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? மூன்று நாள் கௌரவம் பார்த்தேன். நாலாம் நாள், மாமன் வீட்டை நினைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"எனக்கு எதுத்தாப்புல நின்னு கொஞ்சம் சொல்லித் தாறியா?"

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு நொட்டாங்கையிலதான் வரும். ஒனக்குப் பரவால்லையா?" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சரியென்று தலையாட்டினேன்.

தினமும் காலையில் மணியடிக்கும் முன் மைதானத்துக்குப் போவோம். அவள் எண்ணவில்லை, விளக்கவில்லை, என்னைத் தொடவும் இல்லை. எதிரே நின்று மெதுவாக அடிப்பாள். நானும் கூடவே அடிப்பேன். தப்பினால் சிரித்துக்கொண்டே பந்தை எடுத்துத் தருவாள், ஞாபகமாக வலக்கையால். அன்றைய ரசத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். தேர்வில் நாலு பந்து தாண்டியது.

படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவள் பஸ் முதலில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பஸ் நகரும்போது திடீரென்று, "இந்தா, வழியில தின்னு" என்று கடலை மிட்டாயை நீட்டினாள். அவசரத்தில் இடக்கையை நீட்டிவிட்டாள். இடக்கையால் கொடுப்பதை வாங்கக் கூடாது என்று சிறுவயதிலிருந்தே பழகிய என் கை ஒரு கணம் தயங்கியது. ஒரே ஒரு கணம்தான். நான் கையை நீட்டியபோது பஸ் முன்னே போய்விட்டது. அவள் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பின்னாலேயே ஓடினேன், எட்டவில்லை.

இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவது, குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

ஆசிரியையாகி, இடக்கையால் எழுதிய எந்தப் பிள்ளையையும் நான் அதட்டியதில்லை. ஆனாலும் அவள் நீட்டியதைத் தயங்காமல் வாங்கிக்கொள்ள இன்னும் ஒரு தடவை கிடைக்காதா என்ற ஏக்கம் மட்டும் எனக்கு இன்றுவரை தீரவில்லை.