பதினாறு நடக்குது

கோந்து வாசனை... அப்பாவின் கடிதம் என்றால் எனக்கு அதுதான். யுத்த காலத்தில் டர்பனிலிருந்து வரும் உறையை வழியில் சர்க்கார் ஆள் யாரோ பிரித்துப் படித்துவிட்டு, ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி அனுப்புவார்கள். நம் வீட்டுக் கடிதத்தை ஊரான் படித்த பிறகு நாம் படிக்க வேண்டும். அந்தக் கோபத்தோடுதான் ஒவ்வொரு உறையையும் கிழிப்பேன்.

தொண்ணூறைத் தாண்டியவள் முகநூலில் என்ன எழுதப்போகிறாள் என்று சிரிக்காதீர்கள். போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது.

எங்களுக்குச் சொந்த ஊர் திருக்கோகர்ணம். அப்பா பிறந்ததே தென்னாப்பிரிக்காவில். அவருடைய அப்பா கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். பெண் கட்ட மட்டும் அப்பா இங்கே வந்தார். எனக்கு ஆறு வயதில் மறுபடி வந்து மூன்று மாதம் இருந்தார். பிறகு யுத்தம், கப்பல் இல்லை.

ஆத்தாவும் நானும் எப்படியும் டர்பன் போகிறவர்கள் என்றே வளர்ந்தேன். கிழிந்த பாயைக்கூட ஆத்தா மாற்ற மாட்டாள். "போறவளுக்கு எதுக்குடி புதுப்பாயி?" என்பாள்.

ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் படிப்பது நான், பதில் எழுதுவதும் நான். அப்பாவுக்குக் காய்கறி மார்க்கெட்டில் வேலை, எழுதுவதெல்லாம் நாட்டு நடப்பு. ட்ராம் வண்டியில் நம்மவர்களுக்கு மாடியில் பின்சீட்டுதானாம். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தமிழையும் ஜூலுவையும் கலந்து பேசுமாம். தைப்பூசத்துக்கு அங்கேயும் காவடி உண்டாம். யுத்தம் முடிந்த பிறகு வந்த கடிதங்களில் வேறு சங்கதி... நம்மவர்கள் இன்ன தெருவில்தான் வீடு வாங்கலாம் என்று சட்டமாம். அதை எதிர்த்துச் சேலை கட்டிய பெண்கள் வெட்டவெளியில் கூடாரம் போட்டு உட்கார்ந்து ஜெயிலுக்குப் போகிறார்களாம்.

"இப்புடி வெரட்டுற ஊருக்கா ஆத்தா நாம போகணும்?"

"ஒங்கப்பா இருக்குற ஊருடி அது" என்றாள்.

கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. பெண்டாட்டி வரலாம், பதினாறு ஆகாத பிள்ளை தாயோடு வரலாம், வயதுக்கு சர்ட்டிபிகேட் அனுப்பு என்று.

சர்ட்டிபிகேட்டுக்கு ஊர்க் கணக்கப்பிள்ளையிடம் போனோம். நல்ல மனுஷன்.

"பாப்பாவுக்கு என்னங்க வயசு?"

"பதினாறு நடக்குதுங்க" என்றாள் ஆத்தா.

எங்கள் பக்கம் அப்படித்தான். முடிந்த வயதை யார் சொன்னார்கள்? நடக்கிற வயதைத்தான் சொல்வோம். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, பதினாறு என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கிற திமிர் எனக்கு. பேப்பரை வாங்கி "சிக்ஸ்டீன்" என்று உரக்கப் படித்தேன்.

"சரியா இருக்காடி?"

"எல்லாம் சரியா இருக்கு ஆத்தா."

பதினைந்து முடிந்து அப்போது நாலு மாதம்தான். 'பதினாறு ஆகாத' என்று அப்பா எழுதியதைப் படித்தவளும் நான்தான். நடப்பது வேறு, ஆனது வேறு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டர்பன் ஆபீசுக்கும் அது தெரியும் என்றே நினைத்துவிட்டோம்.

பதில் வர ஐந்து மாதமானது. அந்த ஐந்து மாதமும் வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தபால்காரர் தெருமுனைக்கு வருவதற்குள் மூன்று தரம் வாசலுக்குப் போய் வருவேன். தைத்த சட்டையைப் பிரித்து மறுபடி தைப்பேன். ஆத்தா திட்டித் தீர்ப்பாள்.

கடிதம் வந்தது. மகளுக்கு வயது ஆகிவிட்டது என்று ஆபீசில் மறுத்துவிட்டார்கள். திருத்தி அனுப்பினாலும் அதற்குள் நிஜமாகவே ஆகிவிடும்... அதுவரை உரக்கப் படித்தேன்.

அடுத்த வரி இப்படி இருந்தது. 'மகளை உன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டுமாவது வா. எனக்கு இங்கே யாரும் இல்லை.'

மாமன் வீட்டில் நான் மட்டும்... நினைக்கவே பயம்.

"அவ்வளவுதானா?" என்றாள் ஆத்தா.

"அவ்வளவுதான். ஒடம்பப் பாத்துக்கங்கன்னு எழுதிருக்காரு."

ஆத்தா கொஞ்ச நேரம் என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் எழுதிய பதிலில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாவும் அப்புறம் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் அவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது என் பேரன் ஜோகனஸ்பர்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு இங்கே, என்னோடு. தினமும் வீடியோவில் நாட்டு நடப்புதான். இன்றைக்கு நாலு மணி நேரம் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆபீசில் பக்கத்து சீட்டுப் பெண் புளியோதரையைக் கேட்டு வாங்கித் தின்றாள்...

போன வாரம் அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பாப்பாவோட விசா பேப்பர் லேட்டாகும்போல. நீ மட்டும் மொதல்ல வாரியா?"

"இருங்க, பேசுவோம்" என்றவள், போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே நான் இருந்தேன், இப்போது யாரும் இல்லை. நல்லதுதான்.

"அந்த வரியப் படிச்சிருந்தாலும் ஒங்க ஆத்தா ஒங்கள விட்டுட்டுப் போயிருக்க மாட்டாங்க" என்கிறார்கள் என் பிள்ளைகள். இருக்கலாம். போக மாட்டேன் என்று அவள் வாயால் சொல்லியிருந்தால், எனக்காக இருந்தாள் என்றாவது ஆகியிருக்கும். நான்தான் அவளைப் புருஷன் கூப்பிடாத பெண்டாட்டியாகவே சாகவிட்டேன்.