மாமா கேட்ட கேள்வியும் அம்மா பிடித்த ஸ்டியரிங்கும்

எங்கள் அலுவலகத்துக்கு வருடம் தவறாமல் ஒரு பயிற்சியாளர் வருவார். ஏசி அறையில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, வாழ்க்கையில் உங்கள் நோக்கம் என்ன, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்பார். கண்ணை மூடினால் எனக்கு எந்த நோக்கமும் தெரிவதில்லை. பூம்பாறையில் எங்கள் வீட்டு அடுப்படியும், அதில் குளிர் காய்ந்துகொண்டே இதே கேள்விகளைக் கேட்ட என் மாமாவும்தான் தெரிகிறார்கள். சிரிப்பு வந்துவிடும். எனக்கு ஏதோ ஞானம் கிடைத்துவிட்டதாகப் பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டோடு இருந்தார். அப்பாவுக்கு மண்வெட்டியைத் தவிர வேறெதுவும் கைக்கு அடங்காது. ஒரே ஒரு முறை வண்டியைக் கிளப்பி, நேராகக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் நிறுத்தியவர். ஆகவே பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மாமாவைப் பிடித்து, குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற எங்கள் சின்ன லாரியின் ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டார்கள். எங்கள் காட்டில் விளைந்த பூண்டையும் அக்கம்பக்கத்தார் பூண்டையும் ஏற்றிக்கொண்டு, கொடைக்கானல் வழியாக மலையிறங்கி, வடுகபட்டிச் சந்தையில் போட்டுவிட்டு வருவது அவர் வேலை. மலைப்பாதை வளைவுகளில் அவர் வண்டியைத் திருப்புவதை ஊரே புகழும். எனக்கு அவர்தான் மலைக்கே ராஜா.

பூண்டு இல்லாத மாதங்களில் கொடைக்கானலில் கிடைத்த வாடகைக்கெல்லாம் போவார். அப்படித்தான் ஒரு பங்களாவில் நடந்த முகாமுக்கு நாற்காலியும் தண்ணீர் கேனும் ஏற்றிப் போனார். சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து, பெரிய கம்பெனி ஆட்களுக்கு முன்னேறும் வழி சொல்லிக்கொடுத்தார்களாம். வெளியே மழை. நாற்காலி ஒன்று காலியாக இருந்ததால் மாமாவையும் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். போன மாமா வேறு, திரும்பி வந்த மாமா வேறு.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். அஞ்சு வருசம் கழிச்சு எங்க இருப்பீங்க என்று அப்பாவைக் கேட்டார்.

“இங்கதான் மாப்ளே இருப்பேன். வேற எங்க போறது?” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. அவருக்குப் பாதித் தூக்கம்.

எனக்குக் கேரட் பொரியல் இல்லாத வீடு வேண்டும் என்றேன். எந்தப் பதிலையும் முடியாதென்று சொல்லக்கூடாது என்பது மேடம் போட்ட சட்டமாம். மாமா பெருந்தன்மையோடு தலையாட்டினார். அப்புறம் அம்மாவைக் கேட்டார். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

“எனக்கு வண்டி ஓட்டணும்.”

அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மாமா சிரித்தார்.

“பெருசா யோசி அக்கா. பங்களா, தோட்டம், அப்படி ஏதாச்சும்.”

“ஏலே, சின்னப்புள்ளையிலேருந்து இதத்தான் யோசிக்கிறேன். இத்தன வருசத்துல ஒருத்தராச்சும் கேட்டீகளா? இன்னைக்கு நீ கேட்ட, சொல்லிட்டேன்.”

அம்மாவின் குரல் உடைந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்குப் பயமாகிவிட்டது. மேடத்தின் சட்டம் மாமா கழுத்திலேயே சுருக்காக விழுந்துவிட்டது. காலையில வெள்ளனே எந்திரி என்றார் அம்மாவிடம்.

மறுநாள் முதல் மன்னவனூர் ரோட்டில் பாடம் நடந்தது. சேலைக்கு மேல் அப்பாவின் ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் சாமி படம் மாதிரி அசையாத அம்மா. முதல் வாரமே பக்கத்துக் காட்டுக்காரரின் கேரட் பாத்தியில் வண்டி இறங்கிவிட்டது. அடிபட்ட கேரட்டையெல்லாம் நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. என் நோக்கம் என்ன கதிக்கு ஆளானது என்று சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அம்மாவைப் பார்த்ததும் ஓடி ஒளிவதுபோல நடிப்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள். இந்த முறை தோற்றால் இனி யாரும் தன்னைக் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

லைசென்ஸ் பரீட்சைக்கு மலையிறங்கிப் போனோம். விரித்த பாய் மாதிரி மைதானம். அம்மா எட்டுப் போட்டாள், பின்னால் எடுத்தாள், எல்லாம் சரி. வண்டியை நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிட்டு இறங்கி, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி எதையோ தேட ஆரம்பித்தாள். காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்து இன்ஸ்பெக்டரும் கூடக் குனிந்து தேடினார். அம்மா வேலியோரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து பின் டயருக்கு அடியில் வைத்தாள். எங்கள் ஊரில் கல் வைக்காமல் யாரும் வண்டியை விட்டு நகரமாட்டார்கள். நகர்ந்தால் வண்டியும் நகரும்.

“ஏம்மா, இது சமதரைதானே?”

“நமக்குத் தெரியுதுங்க சார். வண்டிக்குத் தெரியணும்ல.”

அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று, மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் அம்மா பாஸ்.

பூண்டு எடுக்கும் காலம் வந்தது. பொம்பளை ஓட்டினால் என் மூட்டை ஏறாது என்று இரண்டொருவர் முறுக்கிக்கொண்டார்கள். மாமா எங்கள் ஊர்க் குழந்தை வேலப்பர் கோயில் திருநீற்றை அம்மா நெற்றியில் பூசிவிட்டு, சாவியை அவள் கையில் கொடுத்தார். வண்டி கவுந்தா மொத நான்தானே உருளுவேன், உங்க பூண்டுக்கு என்ன வந்துச்சு என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, பின்னால் ஏறி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். மூட்டைகள் ஒவ்வொன்றாக ஏறின.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மலைக்கு ராஜா மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்! ஊருக்கெல்லாம் நோக்கம் சொல்லப்போய்த் தன் வேலையையே பறிகொடுத்துவிட்டாரே என்று அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா முன்னால் ஏறிக்கொண்டார். என்னையும் முன்னால் வரச் சொன்னார்கள். மாட்டேன் என்று அடம்பிடித்து மாமாவோடு பின்னால் ஏறினேன்.

கொடைக்கானல் தாண்டி வளைவுகள் தொடங்கின. அம்மா ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்து, நிதானமாகத் திருப்பினாள். எதிரே வந்த பஸ்காரர் வழிவிட்டு நின்று, உள்ளே யாரென்று எட்டிப் பார்த்தார். அம்மா அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். மாமா மூட்டையில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். அவர் வருத்தப்படுகிறாரா என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“மாமா, அந்த மேடம் உங்ககிட்டக் கேக்கலையா, என்ன வேணும்னு?”

“கேட்டாங்க பாப்பா.”

“என்ன சொன்னீங்க?”

“ஒரே ஒரு தடவ தூங்கிக்கிட்டே மலையிறங்கணும்னு சொன்னேன். எனக்கு இந்த ரோட்டுல பயம். ஸ்டியரிங்குல உக்கார வச்ச அன்னையிலேருந்து ஒவ்வொரு வளைவுக்கும் சாமியக் கும்பிட்டுக்கிட்டுத்தான் திருப்புவேன். வெளிய சொன்னா கேவலம்னு ஓட்டிக்கிட்டுக் கெடந்தேன்.”

மாமாவுக்காவது பயமாவது! வேலை போன துக்கத்தை மறைக்க, என்னைத் தேற்ற, என்னமாய்ப் பொய் சொல்கிறார் என்று எனக்கு நெஞ்சே வெடித்துவிடும்போல் இருந்தது. பெரியவளானதும் சம்பாதித்து அவருக்கு ஒரு வண்டி வாங்கிக்கொடுத்து, அவரையே ஓட்டவைத்துவிடுவது என்று அந்த மூட்டைமேல் உட்கார்ந்து வேலப்பர்மேல் சத்தியம் செய்தேன். சத்தியத்தை அவரிடம் சொல்லலாமென்று திரும்பினால், மாமா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.