தொடாத கோப்பு

கோபம் வந்தால் ஜெனிட்டாவின் விரல்கள் வேகமாக ஓடும். ஆய்வேட்டில் கைடு பேராசிரியர் கிறுக்கித் தள்ளிய பக்கங்களை அவள் அப்படித்தான் அடித்துத் தீர்ப்பாள். 2007 கோடையில் ஒருநாள் அந்த விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன.

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, அண்ணாமலை நகரில் வைத்திலிங்கத்தின் டைப்பிங் கடையில் ஆய்வேடு அடிப்பவள் அவள். அன்று கடையில் நிற்க இடமில்லை. கரும்பு நோய் பற்றி ஆராயும் அன்பரசு தன் ஆய்வேட்டைத் திரையில் திறந்து, படித்துவிட்டு மூடினான். ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர். அவன் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. மறுபடி திறந்து மூடினான். மறுபடியும் அதே கேள்வி. யாரோ தன் ஆய்வேட்டில் கை வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று வைத்திலிங்கத்திடம் சத்தம் போட்டான். அதே துறையின் இன்னொருவர் ஆய்வேடும் இங்கேதான் தயாராகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

வைத்திலிங்கம் கொஞ்சம் யோசித்திருக்கலாம். வந்த வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவரை முந்திக்கொண்டது. நின்றிருந்த மாணவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்:

“ஜெனிட்டாவத் தவிர இந்த ஃபைல யாரும் தொறக்கறதில்ல சார். இவ யாருக்கு எடுத்துக் குடுத்தான்னு நானே விசாரிக்கறேன்.”

ஜெனிட்டா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை கம்பியைப் பிடித்த கை தளரவில்லை. ஆய்வேட்டைத் திருடிக் கொடுக்கிறவள் என்று பேர் வந்துவிட்டால் அந்தத் தெருவில் எந்தக் கடையிலும் அவளுக்கு நாற்காலி கிடையாது. இதை அம்மா பாத்திமா மேரியிடம் சொன்னபோது, பெரிய மனுஷர் ஏதோ சொல்லிவிட்டார், விடு என்றாள் அம்மா. அன்று அந்த வீட்டில் சோறு மீந்தது.

அவள் வேலைக்குப் போகாமல் இருந்தபோது வைத்திலிங்கமே போன் செய்தார். மற்ற ஆய்வேடுகளும் மூடும்போது அப்படியே கேட்கின்றனவாம். அவள் இல்லாதபோதும் கேட்கின்றனவாம். “வா, பாத்துக்கலாம்,” என்றார்.

அந்த ‘பாத்துக்கலாம்’தான் அவளைக் கொளுத்திவிட்டது. ஊரறியச் சொன்னதை போனில் மடித்து வைத்துவிடப் பார்க்கிறார். அவள் போனாள், மடித்து வைக்க விடக்கூடாது என்பதற்காகவே.

முதலில் புதிதாக ஒரு கோப்பில் நாலு வரி அடித்துச் சேமித்தாள். திறந்து மூடினால் கேள்வி வரவில்லை. அன்பரசின் ஆய்வேட்டுக்கு ஒரு நகல் எடுத்து, அத்தியாயம் அத்தியாயமாக வெட்டிப் பார்த்தாள். கேட்டுக்கொண்டே இருந்தது. முன்னால் இருக்கும், கைடு கையெழுத்துப் போடும் சான்றிதழ்ப் பக்கத்தை நீக்கியதும் கேள்வி நின்றது. அந்தப் பக்கத்தில் ‘இடம்: அண்ணாமலை நகர், நாள்:’ என்று இருக்கும் இடத்தில் அன்றைய தேதி தானாக மாறும்படி வைக்கப்பட்டிருந்தது. திறக்கும்போதெல்லாம் தேதி புதிதாகிறது. மூடும்போது அதைத்தான் சேமிக்கவா என்று கேட்கிறது. கடையில் அடித்த எல்லா ஆய்வேட்டுக்கும் அந்த ஒரே பக்கத்தைத்தான் நகலெடுத்துப் பேரை மாற்றியிருந்தார்கள்.

அதை முதலில் செய்தது யார் என்று அவளுக்கு நினைவிருந்தது. திருத்தம் திருத்தமாகத் திரும்பி வரும் ஆய்வேட்டில் தேதியை ஒவ்வொரு முறையும் அடிக்கச் சலித்துக்கொண்டு அவளேதான் வைத்தாள். அதனால் கோபம் குறையவில்லை. தன்மேலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

தேதியைக் கையால் அடித்துச் சரிசெய்தாள். அன்பரசும் மற்றவர்களும் வந்து சேரும்வரை காத்திருந்து எழுந்து நின்றாள்.

“தேதியத் தானா மாற வச்சது நான். அதான் மூடும்போது கேக்குது. அது என் தப்பு. யாரும் எதையும் எடுக்கல.” வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். “நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்கண்ணே.”

“அதான் தெரிஞ்சிபோச்சில்ல, உக்காரு,” என்றார் அவர்.

அவள் உட்காரவில்லை. அவர் பிரிண்டரைத் திறந்தார், மூடினார். கடைசியில் அதைப் பார்த்தபடியே, “நான் அன்னிக்கு அப்டி சொன்னது தப்பு,” என்று முனகினார்.

“எனக்குக் கேட்டுச்சி. அவுங்களுக்குக் கேக்கல.”

வைத்திலிங்கம் முகம் சிவக்க அன்பரசின் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி மறுபடி சொன்னார்.