அடுப்பில்லாத யாழ்ப்பாணத்து வீடு

பழவேற்காட்டில் காலை உணவு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது நாளைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இந்தப் பக்கம் கப்பலேறி வந்தால், எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரக் கூடாது. கோட்டைக்குப்பத்தில் நான் தங்க வந்த முதல் நாள் விடிந்ததும், வீட்டுக்காரரான கங்கம்மா அக்கா ஒரு மண்சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு மோர் எடுக்க உள்ளே போனார். சட்டியில் தண்ணீர். அடியில் கரும்பழுப்பாக, கைக்கு அடங்காத ஓர் உருண்டை. நான் படித்த பிள்ளைதான். ஆனால் வாய் கேட்பதற்குள் கை முந்திவிடும். உருண்டையை வெளியே எடுத்துத் தண்ணீரை உதறிவிட்டு, கொழுக்கட்டையைக் கடிப்பதுபோலக் கடித்தேன். புளித்த கேழ்வரகு, அதாவது நம்முடைய குரக்கன், பல்லிலும் அண்ணத்திலும் அப்பிக்கொண்டது. வந்த வீட்டில் முகம் சுளிக்கலாமா என்று விழுங்கினேன். விழுங்கியதோடு நிற்காமல் இன்னொரு கடியும் கடித்தேன்.

மோரோடு வந்த அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அய்ய, இன்னா தம்பி பண்ற? அது கரைச்சிக் குடிக்கறது" என்றார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு வந்தார். அவர்கள் வந்து சேர்ந்தபோது நான் முக்கால் உருண்டையை முடித்திருந்தேன். மதியத்துக்குள் குப்பம் முழுக்க என்னைத் தெரிந்துவிட்டது. என் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை. கூழைக் கடித்தவன் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது.

மறுநாளிலிருந்து ஒழுங்காகக் குடித்தேன். செய்முறையும் கற்றுக்கொண்டேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு மாவை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்க விட வேண்டும். காலையில் நொய்யரிசியை வேகவைத்து, அதில் மாவை ஊற்றிக் கை ஓயாமல் கிளறி, ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். மறுநாள் ஓர் உருண்டையை எடுத்து மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் கூழ். கடிக்க வெங்காயம், சுட்ட கருவாடு. குடித்துவிட்டு ஏரிக்கரை வழியாகக் கோட்டைக்கு நடந்தால், உச்சி வெயில் வரைக்கும் வயிறு ஒரு வார்த்தை பேசாது.

கோட்டையில் எனக்கு வேலை பண்டகசாலையில். ஒல்லாந்தர் கப்பலில் வந்து இறங்கும் பீப்பாய்களின் மேல் தமிழில் பெயர் எழுதுவேன். அவர்கள் பேசுவதைக் கூலியாட்களுக்கும், கூலியாட்கள் பேசுவதில் பாதியை அவர்களுக்கும் சொல்வேன். பண்டகசாலையைப் பார்த்துக்கொள்ளும் பீட்டர் நல்ல மனிதர். அவரும் தினமும் ஒரு கூழ் குடிப்பார். அதற்குப் பெயர் பாப். ஹோர்ட் என்று அவர்கள் சொல்லும், உமி நீக்கிய வாற்கோதுமையை மோரில் வேகவைத்து, மேலே கரும்பாகை ஊற்றி, வெண்ணெய் ஒரு கட்டி போடுவார்கள். முதல் தடவை எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, ருசியாக இருக்கிறதா என்று அவர் மொழியில் கேட்டார். நான் மரியாதையாகத் தலையை இருபுறமும் ஆட்டினேன். நாம் எல்லோரும் ஆட்டுவதுபோலத்தான். அவர் முகம் வாடிவிட்டது. இன்னும் கொஞ்சம் பாகு ஊற்றினார். இப்போது பிரமாதம் என்று மறுபடி ஆட்டினேன். வெண்ணெய் போட்டார். போதும் போதும் என்று வேகமாக ஆட்டினேன். இன்னொரு கட்டி போட்டார். அவருடைய ஊரில் தலையை அப்படி ஆட்டினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது நாளும், கட்டியிருந்த வேட்டியில் ஒரு சுற்றும் செலவாயின.

பீட்டர் கொடுத்த ருசி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. உலகத்தில் எத்தனை தானியம் இருக்கிறதோ அத்தனையையும் காலையில் தின்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கம்பு, தினை, சாமை என்று ஊர்ச்சந்தையில் ஆரம்பித்தேன். கப்பல் ரொட்டியை உடைத்துக் கஞ்சியில் போட்டுப் பார்த்தேன். கஞ்சி தீர்ந்தது, ரொட்டி அப்படியே இருந்தது. ஒரு நாள் அரிசிப்பொரியை ஒரு கிண்ணத்தில் போட்டு, வெல்லத்தைத் தூவி, எருமைப்பாலை ஊற்றினேன். சடசடவென்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. பீட்டர் பயபக்தியோடு குனிந்து கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் பொரி நமத்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து பொரிக்கும் பாலுக்கும் நடுவே பேச்சே கூடாது என்று விதி வைத்துக்கொண்டோம். இதை நீங்களும் செய்து பாருங்கள், ஆனால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்றுங்கள்.

இப்படி இரண்டு காலை உணவோடு நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஆனி மாதக் கடைசியில் இரண்டு சேதிகள் ஒன்றாக வந்தன. ஒன்று, கோட்டைக்குள் ஓர் அறை காலியாகிறது, இனி நான் அங்கேயே தங்கலாம் என்று பீட்டர் மகிழ்ச்சியோடு சொன்னது. மூன்று வேளையும் பாப் கிடைக்குமாம். மற்றது குப்பத்து நாட்டார் சொல்லி அனுப்பியது. குப்பத்துக்குப் பெரியவர் அவர்தான். வலை போடும் இடத்திலிருந்து கல்யாணம் வரை அவர் சொல்தான். போய் நின்றேன். ஒரு வழக்கத்தை விளக்கினார். வெளியூர்க்காரனுக்கு இங்கே ஓர் ஆடியிலிருந்து மறு ஆடி வரைக்கும்தான் இடம். அதற்கு மேல் தங்க வேண்டுமானால், ஆடி ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது அவனும் ஒரு வீடாகக் கணக்காக வேண்டும்.

"உன் ஊரு தானியத்துல ஒரு பானை கூழு காய்ச்சி எடுத்தா. வாயில வெச்சிப் பாப்பேன். ஏத்துக்கினா நீ குப்பத்தாளு. இல்லாங்காட்டி கோட்டைக்குப் போய்ச் சேரு."

வழக்கத்தின் மிச்சத்தை அக்கா சொன்னார். கோயிலில் நாட்டார் உட்கார்ந்து வலது கையைத் தூக்குவார். அவர் தூக்கத் தூக்க, முனுசாமி என்ற பெரிய தொண்டைக்காரர் ஒவ்வொரு வீட்டின் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட வீட்டுக்குப் பொதுப்பானையிலிருந்து கூழ் ஊற்றுவார்கள். அம்மன் முன்னால் கூப்பிட்ட பெயரைத் திரும்ப எடுப்பது கிடையாது.

நான் இரண்டு நாள் தூங்கவில்லை. கோட்டையில் அறை நல்ல அறைதான், சுவர்கூடக் கல். ஆனால் அங்கே போனால் கருவாடு இல்லை, வெங்காயம் இல்லை, 'கடிச்சியா குடிச்சியா' என்று போகிற வருகிறவர்கள் காலையில் கேட்கும் கிண்டல் இல்லை. பீட்டர் சாப்பிடும்போது பேச மாட்டார். இந்தக் கேள்வி இல்லாத ஒரு காலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படியும் அந்தப் பானை நாட்டாரின் வாயில் ஜெயித்தாக வேண்டும்.

ஆனால் என் ஊர்த் தானியத்துக்கு எங்கே போவேன்? குரக்கன் இவர்களே தினமும் குடிப்பது, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலுக்கோ கடல் தாண்ட வேண்டும். கூழ் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது நம் ஆடிப்பிறப்புக் கூழ். அம்மா அடுப்படியில் பனங்கட்டியைக் கரைத்து வடிகட்டுவார். வறுத்த பயறும் தேங்காய்ச் சொட்டும் போட்டு, அரிசிமாவை உருட்டி உருட்டி நானும் தங்கையும் பானைக்குள் விடுவோம். யார் உருட்டிய உருண்டை யார் சிரட்டையில் வந்தது என்று சண்டை நடக்கும். பலா இலையைக் கோலிக் கரண்டியாக்கிக் குடிப்போம். அந்த ருசியை இந்த ஊருக்குக் காட்டினால் நாட்டார் என்ன, அம்மனே எழுந்து வந்து இன்னொரு சிரட்டை கேட்பாள் என்று தோன்றியது. இதை அக்காவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"இனிக்கிற கூழா? அதுல கருவாட்ட இன்னாத்துக்குக் கடிக்கறது?"

கடிக்க வேண்டாம் என்றேன். கருவாடு இல்லாத கூழை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. என் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

தானியத்துக்குப் பீட்டர் கை கொடுத்தார். நான் குப்பத்துக்குப் பிரிவு விருந்து சமைக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். திருத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒரு சிறு மூட்டை ஹோர்ட் கொடுத்தார். என் ஊருடையது இல்லைதான், ஆனால் அதுவும் கடல் தாண்டி வந்ததுதானே என்று தேற்றிக்கொண்டேன். ஒல்லாந்துத் தானியம், யாழ்ப்பாணத்துப் பக்குவம். இதில் பழவேற்காட்டுக்கும் ஒரு பங்கு வேண்டுமே என்று பானையை மட்டும் அக்கா வீட்டில் கேட்டேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, கொல்லையில் பெரிய பானை இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார்.

கொல்லையில் இரண்டு பெரிய பானைகள் இருந்தன. ஒன்று கழுவிக் கவிழ்த்து, சுத்தமாக இருந்தது. மற்றதின் உட்புறம் செம்பழுப்பாக, விரல் கனத்துக்கு ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நான் யோசித்தேன். தினமும் கூழ் காய்ச்சுகிற வீட்டில் எந்தப் பானை அதிகம் புழங்கியிருக்கும்? கேழ்வரகின் நிறம் என்ன? சுத்தமானதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். படித்த படிப்பு இப்படித்தான் உதவியது.

ஆடி ஞாயிறு விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிட்டேன். ஹோர்ட் லேசில் வேகாது. கொதிக்கக் கொதிக்கக் கிளறினேன். தேங்காய்ப்பால் விட்டேன், கருப்பட்டி போட்டேன். முதல் கொதியில் ருசி பார்த்தபோது அம்மாவின் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. பிறகு நிறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. கருப்பட்டியின் குணம் என்று சந்தோஷப்பட்டேன். பானையை இருவராகத் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம்.

பொதுப்பானைக்கு முன்னால் நாட்டார் உட்கார்ந்திருந்தார். என் கூழைத்தான் முதலில் கொடுத்தார்கள். ஒரு மடக்கு குடித்தார். புருவம் உயர்ந்தது. இன்னொரு மடக்கு. உதட்டில் ஒரு சிரிப்புகூட வந்தது. மூன்றாவது மடக்கை விழுங்கியபோது அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு கன்னமும் உள்ளே போயின. உதடு சீழ்க்கை அடிக்கப் போவதுபோலக் குவிந்தது. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு வரவில்லை. கண்ணில் நீர் முட்ட, மோர் கொண்டுவரச் சைகை காட்ட வலது கையைத் தூக்கினார்.

முனுசாமி காலையிலிருந்து அந்தக் கைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். "யாழ்ப்பாணத்து வீடு!" என்று ஏரிக்கு அந்தப்பக்கம் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

நாட்டார் இல்லை இல்லை என்று கையை இன்னும் உயரமாக ஆட்டினார். ரொம்பவும் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று முனுசாமி இன்னொரு தடவை கூப்பிட்டார். அதற்குள் என் சட்டியில் கேழ்வரகுக் கூழ் ததும்பிக்கொண்டிருந்தது. அக்கா என் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி, இது துவர்ப்பானை. ஏழு வருசமா வலை தோய்க்கிறது."

இங்கே பருத்தி வலைகள் தண்ணீரில் இற்றுப்போகாமலிருக்க, மரப்பட்டையைக் காய்ச்சிய துவரில் முக்கி எடுப்பார்கள். ஏழு வருடத்துப் பட்டைச்சாறு அந்தப் பானையில் ஏடு ஏடாகக் காய்ந்து கிடந்திருக்கிறது. என் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கொதித்துக் கொதித்து அதைப் பாசத்தோடு கரைத்து எடுத்திருக்கின்றன.

நாட்டார் மூன்று சொம்பு மோர் குடித்தார். எனக்குக் கோட்டையின் கல்சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில் அவருக்கு நாக்கு திரும்பியது.

"கூப்ட்ட பேரு கூப்ட்டதுதான். அம்மா முன்னால மாத்த முடியாது. ஆனா ஒண்ணு. யாழ்ப்பாணத்து வீட்ல அடுப்பு எரியக் கூடாது. கங்கம்மா ஊத்தறதக் குடிச்சிக்கினு கெட."

அப்படித்தான் நான் குப்பத்தாளானேன். தங்குவது அக்கா வீட்டில்தான் என்றாலும், கணக்கில் இந்தக் கரையில் அடுப்பில்லாத ஒரே வீடு என்னுடையது. மிஞ்சிய கூழை என்ன செய்வது என்று யோசித்தபோது, அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன், துவர் துவர்தானே என்று தன் வலையைக் கொண்டுவந்து அதிலேயே முக்கிவிட்டார். வலை உறுதியாகத்தான் ஆகியிருக்கிறது. எறும்பு மொய்க்கிற வலை இந்த ஏரியிலேயே அது ஒன்றுதான். காலையில் அண்ணன் வலையை உதறுவதற்குள் மற்றவர்கள் பாதி ஏரி போய்விடுகிறார்கள். அவர் என்னை வையவில்லை. எறும்பு ஏறினால் மழை வரும் என்று மட்டும் என்னைப் பார்க்காமல் தினமும் சொல்கிறார். பீட்டருக்கு நான் அறைக்கு வரவில்லை என்பதில் வருத்தம். பொரிக் கிண்ணத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துவைத்திருக்கிறேன்.

போன வாரம் கப்பலில் தங்கையின் கடிதம் வந்தது. ஆடிப்பிறப்பன்று வீட்டில் கூழ் காய்ச்சினார்களாம். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, "இது பழவேற்காட்டானுக்கு" என்று அம்மா ஒரு சிரட்டையைத் தனியாக எடுத்து வைத்தாராம். நான் வராததால் அதையும் தங்கையே குடித்துவிட்டாளாம், கோபிக்க வேண்டாமாம். அங்கே நான் பழவேற்காட்டான். இங்கே யாழ்ப்பாணத்து வீடு. இரண்டு இடத்திலும் என் பங்கை ஊற்றத்தான் செய்தார்கள்.

இன்று காலை கோட்டைக்குப் போகிற வழியில் அண்ணனின் வலை கழிகளின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் ஏரியில் கிடந்தும் சில முடிச்சுகளில் ஹோர்ட் மணி அப்படியே இறுகிப்போய் இருக்கிறது. எறும்பைத் தட்டிவிட்டு ஒரு மணியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். முதலில் அம்மா காய்ச்சிய கூழ்போல இனித்தது. நான்கடி நடப்பதற்குள் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. எதிரே வந்த முனுசாமி, "கடிச்சியா குடிச்சியா?" என்று கேட்டார். பதில் சொல்ல நாக்கு வரவில்லை. கையைத் தூக்கினேன்.